கோல்ட்ஸ் முதல் பேபி பிளாக்ஸ் வரை

1955ஆம் ஆண்டு நியூசிலாந்திலிருந்து ஓர் இளைஞர் ரக்பி அணி இலங்கைக்கு வந்தது. எல்லாரும் 21 வயதுக்குட்பட்டவர்கள். அணிக்கு ‘கோல்ட்ஸ்’ என்று பெயர். அன்றைய இலங்கை ரக்பிக்குப் புதிய நாடல்ல. தோட்டத் துரைமார்கள் டிக்கோயா, திம்புள்ள, ஊவா என்று தங்கள் பகுதிகளுக்கே தனித்தனிக் கிளப் வைத்து ஆடினார்கள். கண்டி டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதி வந்தன. இப்படிப்பட்ட ஊருக்குத்தான் நியூசிலாந்து தன் பையன்களை அனுப்பியது.

அந்தப் பயணத்தில் வந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் கொலின் மீட்ஸ், 19 வயது, தெ குய்ட்டி பக்கத்துச் செம்மறிப் பண்ணைக்காரர். இன்னொருவர் வில்சன் வைனரே, 20 வயது. இரண்டே ஆண்டில், 1957இல், இருவரும் நியூசிலாந்தின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் சட்டை அணிந்தார்கள். வைனரே 1958 முதல் 1965 வரை அந்த அணியின் தலைவர்களில் முதன்மையானவராக இருந்தார். மீட்ஸ் நியூசிலாந்துக்காக 133 ஆட்டங்கள் ஆடினார். 1999இல் அந்நாட்டின் நூற்றாண்டு வீரர் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இன்று நியூசிலாந்தின் 20 வயதுக்குட்பட்டோர் அணியின் கதையை 2008இலிருந்து சொல்லத் தொடங்குவது வழக்கம். என்னைக் கேட்டால், கதை இந்த இலங்கைப் பயணத்திலேயே தொடங்கிவிடுகிறது. பெரியவர்களோடு ஆடுமுன் பையனை ஊர்விட்டு ஊர் அனுப்பி, தெரியாத மைதானத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவர்களிடம் இருந்தது.

ஆனால் அப்படிப் பார்ப்பதற்கு ஒழுங்கான போட்டி ஒன்று அமைய அரை நூற்றாண்டு பிடித்தது. 2002 வாக்கில் பன்னாட்டு ரக்பி வாரியத்தின் கீழ் இரண்டு இளையோர் உலகப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. 19 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்று, 21 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்று. இரண்டிலும் நியூசிலாந்து வென்றிருக்கிறது. 21 வயதுப் பிரிவில் 2003, 2004 இரண்டு ஆண்டும் கோப்பை அவர்களுக்கே. இருந்தும் இரண்டு போட்டிகளிலும் ஒரு குறை இருந்தது.

19 வயதுப் பிரிவின் குறை ஸ்க்ரத்தில் இருந்தது. ரக்பியில் இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பின்னிக் குனிந்து, முட்டித் தள்ளிப் பந்தை மீட்பதுதான் ஸ்க்ரம். முன்வரிசையில் நிற்பவனின் கழுத்திலும் முதுகிலும் இறங்கும் பாரம் சாதாரணமானதல்ல. எலும்பு முற்றாத பையன்களைக் காப்பதற்காக 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். சரியான விதி, நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த விதியின் கீழ் உலகக் கோப்பை வென்ற முன்வரிசைக்காரன் முழு ஸ்க்ரத்தில் என்ன செய்வான் என்பது யாருக்கும் தெரியாமலே போனது.

21 வயதுப் பிரிவின் குறை வேறு. 1995இல் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமானது. அதன்பின் நல்ல ஆட்டக்காரன் 21 வயதுக்குள் சம்பளம் வாங்கும் வீரனாகிவிட்டான். ரிச்சி மெக்கா 20 வயதிலேயே ஆல் பிளாக்ஸுக்கு ஆடிவிட்டார், டான் கார்ட்டர் 21 வயதில். சிறந்தவர்கள் ஏற்கெனவே மேலே போய்விட்ட வயதில் இளையோர் உலகப் போட்டி நடத்தி என்ன பயன்?

இரண்டையும் நிறுத்தி, நடுவில் ஒரு வயதைப் பிடித்தார்கள். 20 வயதுக்குட்பட்டோர், பெரியவர்களின் அதே விதிகள், முழு ஸ்க்ரம். 2008 ஜூனில் வேல்ஸில் இந்தப் புதிய இளையோர் உலகப் போட்டி முதல்முறையாக நடந்தது. 16 நாடுகள் வந்தன. ஒவ்வோர் அணிக்கும் மூன்று வாரத்துக்குள் ஐந்து ஆட்டம். உடம்பில் காயம் ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும்.

இந்தப் போட்டிக்காக நியூசிலாந்து புதிதாகத் திரட்டிய அணியைத்தான் ரசிகர்கள் ‘பேபி பிளாக்ஸ்’ என்றார்கள். பயிற்சியாளர் டேவ் ரென்னி. ஸ்வான்சீயில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தை 38–3 என்று தோற்கடித்தார்கள். அந்த அணியில் சாம் வைட்லாக் இருந்தார், ஏரன் ஸ்மித் இருந்தார். வைட்லாக் பின்னாளில் ஆல் பிளாக்ஸுக்காக 153 டெஸ்ட், அதாவது நாடுகளுக்கிடையிலான ஆட்டம், ஆடினார், ஸ்மித் 125.

அடுத்த ஆண்டுப் போட்டி ஜப்பானில். அந்த அணியின் தலைவர் ஏரன் க்ரூடனின் கதையைச் சொல்லாமல் என்னால் தாண்டிப்போக முடியாது. 2008இல், 19 வயதில், அவருக்கு விரைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. நோய் நுரையீரலுக்கும் பரவியிருந்தது. கீமோதெரபி எடுத்துக்கொண்டார். 2009 ஜூனில் டோக்கியோவில் இங்கிலாந்தை 44–28 என்று வென்று கோப்பையை வாங்கிய கை அவருடையது. அந்த ஆண்டின் உலகச் சிறந்த இளையோர் வீரர் விருதும் அவருக்குத்தான். 2011 உலகக் கோப்பையில் கார்ட்டர் காயப்பட்டு வெளியேற, அவர் இடத்துக்கு வந்த ஸ்லேடும் காயப்பட, இறுதி ஆட்டத்தில் பத்தாம் எண் சட்டையோடு இறங்கியது க்ரூடன்தான். இளையோர் அணி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் கோப்பைக் கணக்கைச் சொல்வதில்லை. இதைச் சொல்வேன்.

2010இல் ஆர்ஜென்டினாவின் ரொசாரியோவில் ஆஸ்திரேலியாவை 62–17. ரென்னிக்கு அது மூன்றாவது கோப்பை. 2011இல் இத்தாலியில் மறுபடி இங்கிலாந்தை 33–22. அந்த 2011 அணியில் போடன் பாரெட், ப்ரோடி ரெட்டாலிக், சாம் கேன் மூவரும் ஒன்றாக ஆடினார்கள். பாரெட்டும் ரெட்டாலிக்கும் பின்னர் உலகின் சிறந்த வீரர் விருது பெற்றவர்கள். கேன் 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் தலைவர். நான்கு ஆண்டு, இருபது ஆட்டம், ஒரு தோல்வி இல்லை. 2011 போட்டியில் வேல்ஸை 92–0 என்று அடித்தார்கள். அந்த எண்ணைப் பார்த்து நான் மகிழவில்லை. இப்படி ஒரு பக்கமாகவே சாய்ந்தால் போட்டி எதற்கு என்ற கவலைதான் வந்தது.

பதில் ஒரே ஆண்டில் வந்தது. 2012, தென்னாப்பிரிக்கா. அதே வேல்ஸ் 9–6 என்று நியூசிலாந்தை வென்றது. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றுவதுதான் ட்ரை; இரு பக்கமும் அப்படி ஒன்றுகூட இல்லை, உதைத்து எடுத்த புள்ளிகள் மட்டும். 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் நியூசிலாந்து கண்ட முதல் தோல்வி அது. அரையிறுதியில் வேல்ஸைத் திருப்பி அடித்தார்கள். ஆனால் இறுதியில் தென்னாப்பிரிக்கா 22–16 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது. அந்தத் தென்னாப்பிரிக்க அணியில் 18 வயது ஹாண்ட்ரே பொல்லார்ட் இருந்தார். 2023 உலகக் கோப்பை இறுதியில் 12–11 என்று ஆல் பிளாக்ஸை வீழ்த்திய ஆட்டத்தில் அந்தப் 12 புள்ளியும் அவர் காலால் வந்தவை.

2015இல் ஸ்காட் ராபர்ட்சன் பயிற்சியில் நியூசிலாந்து மறுபடி வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் ட்விக்கன்ஹாமில் உலகக் கோப்பை இறுதி. ஆஸ்திரேலியாவை 34–17 என்று வென்ற பெரியவர் அணியில் வைட்லாக், ரெட்டாலிக், ஏரன் ஸ்மித் மூவரும் தொடக்கத்திலிருந்தே ஆடினார்கள். 2010 அணியில் இருந்த ஜூலியன் சவேயாவும் அப்படியே. மாற்று வீரராக இறங்கிய பாரெட் கடைசி ட்ரையைப் போட்டார். ஸ்வான்சீயில் தொடங்கிய ஏற்பாடு ஏழே ஆண்டில் இந்த அளவுக்குப் பயன் கொடுத்தது.

மற்ற நாடுகளுக்கும் அதே பயன் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2016இல் மான்செஸ்டரில் அயர்லாந்து இளையோர் அணி 33–24 என்று நியூசிலாந்தை வென்றது. அதே ஆண்டு நவம்பரில் சிகாகோவில் அயர்லாந்தின் பெரியவர் அணி 40–29 என்று ஆல் பிளாக்ஸை வரலாற்றில் முதல்முறையாகத் தோற்கடித்தது. 2017இல் ஜார்ஜியாவின் திபிலிசியில் இங்கிலாந்தை 64–17 என்று வென்று நியூசிலாந்து ஆறாவது கோப்பையை எடுத்தது. அதற்குப் பிறகு அவர்களுக்குக் கோப்பை இல்லை. 2019இலும் 2023இலும் ஏழாம் இடம். இதற்குள் பிரான்ஸ் தொடர்ந்து மூன்று போட்டிகளை வென்றுவிட்டது. 2025இல் இத்தாலியின் ரொவீகோவில் நியூசிலாந்து இறுதிவரை வந்து தென்னாப்பிரிக்காவிடம் 23–15 என்று தோற்றது.

பெரியவர்களின் உலகக் கோப்பை நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். இந்தப் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. ரக்பியைப் பார்க்கத் தொடங்க நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்குங்கள். அணிப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதில் இருக்கும் சில பெயர்களை இன்னும் ஐந்தாறு ஆண்டில் உலகக் கோப்பையில் பார்ப்பீர்கள்.