பெயருக்குத் துணையாக வரும் பெயர்

குழந்தை பிறந்த ஏழாம் நாளில் அகீகா கொடுத்து, தலைமுடி களைந்து, பெயர் சூட்டுவது நபிவழி. முதற்பெயர் பெரும்பாலும் விரைவில் முடிவாகிவிடுகிறது. யூசுஃப் என்றோ மர்யம் என்றோ வீட்டார் ஒருமனதாகக் கூறிவிடுகின்றனர். அதனோடு எந்தப் பெயரைச் சேர்ப்பது என்னும் வினாதான் பல நாள் நீடிக்கிறது. செவிக்கு இனிதாக இருக்கிறதா, கடவுச்சீட்டுப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்குமா என்பனவே இன்று பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும் இவ்வினாவிற்கு இஸ்லாமிய வரலாற்றில் இவற்றினும் ஆழமான விடை உண்டு.

பண்டைய அரபியரின் முழுப்பெயர் பல உறுப்புகளைக் கொண்டது. பெற்றோர் சூட்டும் பெயர் இஸ்ம். இன்னாரின் தந்தை அல்லது தாய் என்று அழைப்பது குன்யா. இன்னாரின் மகன், மகள் எனத் தலைமுறையைக் கூறுவது நஸப். சிறப்புப் பெயர் லகப். ஊர், குலம், தொழில் ஆகியவற்றைச் சுட்டுவது நிஸ்பா. 1058 முதல் 1111 வரை வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயர் அபூஹாமித் முஹம்மத் இப்னு முஹம்மத் இப்னு முஹம்மத் அல்கஸ்ஸாலி என்பதாகும். மகன், தந்தை, பாட்டனார் மூவருக்கும் ஒரே பெயர். எண்ணற்ற முஹம்மதுகளுக்கிடையே அவரை இனங்காட்டியவை குன்யாவும் நிஸ்பாவுமே. இஸ்முக்குத் துணையாக வந்த பெயர்கள் அனைத்தும் ஓர் உறவையோ உண்மையையோ அறிவித்தன.

அவ்வுண்மை எத்துணை இன்றியமையாதது என்பதை ஸைத் (ரலி) அவர்களின் வரலாறு உணர்த்துகிறது. சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட அவர், அன்னை கதீஜா (ரலி) வழியாக நபி (ஸல்) அவர்களின் இல்லத்தை அடைந்தார். மகனைத் தேடி வந்த தந்தை ஹாரிஸாவுடன் செல்ல வாய்ப்பிருந்தும், நபியவர்களுடன் இருப்பதையே அவர் தேர்ந்துகொண்டார். நபியவர்கள் அவரை விடுவித்து மகனாக ஏற்றார்கள். அன்று முதல் மக்கள் அவரை ஸைத் இப்னு முஹம்மத் என்றே அழைத்தனர். பின்னர், வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையின் பெயரோடு சேர்த்தே அழைக்க வேண்டும் எனப் பணிக்கும் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியது. அவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். உலகிலேயே உயர்ந்த துணைப்பெயரை அவர் இழந்தார் எனலாம். ஆனால் நபித்தோழர்களுள் திருக்குர்ஆனில் பெயர் கூறப்பட்ட ஒரே பேறு அவருக்கே வாய்த்தது. அதே அத்தியாயத்தின் 37ஆம் வசனத்தில் அப்பெயர் ஸைத் எனத் தனித்து நிற்கிறது.

துணைப்பெயர் மார்க்க அறிவையும் காத்தது. அப்துல்லாஹ் என்னும் பெயருடைய நபித்தோழர் பலர். அவர்களுள் இப்னு உமர், இப்னு அப்பாஸ், இப்னு ஸுபைர், இப்னு அம்ர் (ரலி) ஆகிய நால்வரை அறிஞர்கள் 'அபாதிலா' என ஒருங்கே குறித்தனர். அவர்களைப் பிரித்தறிய உதவுவது தந்தையின் பெயரே. தந்தையின் பெயரும் ஒன்றாகிவிட்டால் சிக்கல் மிகும். கலீல் இப்னு அஹ்மத் என்னும் பெயரில் ஆறு பேரை ஹதீஸ் கலை நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன. ஒருவரின் அறிவிப்பை மற்றொருவருடையதாகக் கொண்டால், நம்பத்தகாத செய்தியும் நம்பத்தக்கதாகிவிடும். இத்தகைய ஒத்த பெயர்களைப் பிரித்துக்காட்டவே கதீப் அல்பக்தாதி (ரஹ்) தனி நூல் எழுதினார்.

பெண்களின் பெயரிலும் இதே நேர்மையைக் காண்கிறோம். அன்னை ஆயிஷா (ரலி) நபியவர்களை மணந்த பின்னரும் ஆயிஷா பின்த் அபீபக்ர் என்றே அறியப்பட்டார். அவருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. ஆயினும் தம் சகோதரியின் மகனான அப்துல்லாஹ்வின் பெயரால் உம்மு அப்துல்லாஹ் என்னும் குன்யா அவருக்கு வாய்த்தது.

தமிழ்நாட்டு முஸ்லிம்களிடம் நஸப் வேறு வடிவில் வாழ்கிறது. நாம் பெயருக்கு முன் இடும் தலைப்பெழுத்து, 'இப்னு', 'பின்த்' என்னும் சொற்களின் பணியையே செய்கிறது. இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் பெயருக்கு முன்னுள்ள மூன்று எழுத்துகளில், கடைசி எழுத்து தந்தை ஜைனுலாப்தீனைக் குறிக்கிறது. 'பேரன்' என்னும் தமிழ்ச்சொல்லும் 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததே. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள்.

லகபுகளும் இங்கு வந்து இயற்பெயர்களாயின. 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் சிறப்புப் பெயர் முஹ்யித்தீன். அது தமிழில் முகைதீன், மைதீன் என வழங்குகிறது. 'காதர் மைதீன்' என்று பெயர் வைக்கும் குடும்பம் ஒரே பெரியாரின் இயற்பெயரையும் சிறப்புப் பெயரையும் இணைத்துச் சூட்டுகிறது. கீழக்கரை வள்ளலின் பெயரான ஷைகு அப்துல் காதிர், தமிழர் நாவில் 'சீதக்காதி' என்றே நிலைத்தது. பெண்குழந்தைகளுக்குச் சேர்க்கும் பீவி, பானு என்பன பாரசீக வழி வந்தவை. பேகம் துருக்கிய மூலமுடையது. நாச்சியார் தூய தமிழ். மூலம் வெவ்வேறாயினும் இவை யாவும் மதிப்பிற்குரிய பெண்மணி என்பதையே குறிக்கின்றன.

நிலையான குடும்பப்பெயரை எதிர்பார்க்கும் அரசுப் படிவங்கள் வந்தபின் இம்மரபுகள் நெருக்கடிக்குள்ளாயின. துருக்கியில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு குடிமகனும் குடும்பப்பெயர் ஒன்றை ஏற்க வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. நம்மைப் பொறுத்தவரை பெரும் இடர், பெயர் தவறான இடத்தில் பிளவுபடுவதே. அப்துர் ரஹ்மான் என்பது இலக்கணப்படி ஒரே பெயர். அதனை இரு கட்டங்களில் பிரித்து எழுதினால், அயல்நாட்டு அலுவலகத்தில் பிள்ளை 'அப்துல்' என்றோ 'ரஹ்மான்' என்றோ அழைக்கப்படுவான். முன்னது முற்றுப்பெறாத சொல். பின்னது அல்லாஹ்வுக்கே உரிய திருநாமம். பெற்றோர் ஆசையோடு சூட்டிய அடிமைத்தன்மையின் அழகு, படிவத்தின் ஒரு கோட்டால் மறைந்துவிடுகிறது.

ஆகவே துணைப்பெயரைத் தேர்வோர் சிலவற்றைக் கருதுதல் நலம். 'அப்து' என்று தொடங்கும் பெயரை அப்துர்ரஹ்மான், அப்துல்காதிர் என ஒரே சொல்லாகப் பதிவு செய்யலாம். இரு பெயர்களும் பிரிந்து நின்றாலும் நற்பொருள் தருகின்றனவா எனப் பார்க்க வேண்டும். அரபு எழுத்தையும் ஒப்புநோக்க வேண்டும். உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு 'கீழ்ப்படியாதவள்' எனப் பொருள்படும் ஆஸியா என்னும் பெயர் இருந்தது. நபியவர்கள் அதனை ஜமீலா என மாற்றினார்கள். ஃபிர்அவ்னின் மனைவியான ஆஸியா (அலை) அவர்களின் பெயர் அரபியில் வேறு எழுத்துகளால் ஆனது. தமிழில் எழுதும்போது மட்டுமே இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன. பிறப்புச் சான்றிதழில் தொடங்கி எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கோவையைக் கையாளுவதும் அவசியம்.

பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை எனில் கலங்க வேண்டியதில்லை. நம் முன்னோருள் பெரும்பாலோருக்கு இரண்டாவது பெயராக இருந்தது தந்தையின் பெயரே. ஓசைக்காக அதனை நீக்க எண்ணுவோர் ஸைத் (ரலி) அவர்களை ஒருகணம் நினைவுகூரட்டும். நம் மக்களுக்கு நற்பெயரையும், அப்பெயருக்கேற்ற நல்வாழ்வையும் அல்லாஹ் அருள்வானாக.