இளையாரைப் பணிந்த மூத்தார்

கோயிற் கல்வெட்டுக்களின் இறுதியில், இத்தருமத்திற்கு அழிவு செய்வோர் கங்கைக்கரையிற் காராம்பசுவைக் கொன்றார் எய்தும் பாவத்தை எய்துவர் என அச்சுறுத்தல் பெருவழக்கு. பின்வருவாரைத் தம் ஆணைக்குள் நிறுத்த விழைதல் அரசர்க்கேயன்றி மக்களைப் பெற்றார் யாவர்க்கும் இயல்பாம். ஈன்றாரின் எச்சரிக்கைகளிற் பெரும்பாலன இக்கல்வெட்டுச் சாபத்தின் இனமே.

தென்காசிப் பராக்கிரம பாண்டியனோ வேறு நெறி கண்டான். குற்றாலத்தருவியாய் வீழ்ந்து வரும் சிற்றாற்றின் கரையில் 1446இல் விசுவநாதர்க்குத் திருக்கோயில் எடுக்கத் தொடங்கிய அவ்வரசன் பொறித்த செய்யுட்கள் இன்றும் உள்ளன. நினைத்தற்கும் அரிய கோயிலை வகுக்க முன்னின்று தன்னைப் பணிகொண்டவன் இறைவனே என்கின்றான். இதனைக் காக்கும் மன்னர் அடிகளைத் தன் தலைமேற் சூடுகின்றான். என்றேனும் குற்றம் ஒன்று நேரின், அதனை ஒழித்துப் புரப்பார் யாவராயினும், அவரை உலகறியப் பணிந்தேன் என்கின்றான். இவ்வணக்கமும் பின்னோரைப் பிணிக்கும் தளையன்றோ எனின், ஒருவாறு ஆம். எனினும், செய்தவன் தானல்லன் எனக் கண்டவற்கன்றி இத்தகைய வணக்கம் வாராது.

மூத்தார் இளையாரை வணங்குதல் உலக வழக்கிற்கு மாறு, சைவத்திற்கோ புதிதன்று. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். அவர் தேவாரத்திற் கயிறு சாத்திப் பார்த்த பொழுது ஆளுடைய பிள்ளையாரின் திருவெண்காட்டுப் பதிகம் கிடைத்தது. வெண்காட்டில் நோன்பிருந்தவர்க்கு, இப்பிறவியில் அப்பேறில்லை எனக் கனவில் உணர்த்தப்பட்டும், பிள்ளையார் திருவாக்கைப் பற்றிய உறுதி தளரவில்லை என்ப. அங்ஙனம் பெற்ற மகனையும் அவர் தம் மனைக்கண் வைத்து வளர்க்கும் பேறு பெற்றிலர். திருவெண்ணெய்நல்லூரிலிருந்த தாய்மாமன் கொண்டுபோய் வளர்த்தான். பரஞ்சோதி முனிவர் மெய்கண்டார் எனப் பெயரிட்டு உபதேசித்தார். தாம் நூல் பார்த்துப் பிறந்த பிள்ளை தம்மை வந்து காணவில்லையே என்னும் சினத்தோடு பண்டிதர் அங்குச் சென்றார். ஆணவத்தின் உருவம் யாதென அவர் வினவ, குழந்தை வாய் திறவாது அவரையே அடிமுதல் முடிவரை நோக்கிற்று. குலகுரு அக்குழந்தையின் அடிக்கண் வீழ்ந்தார். அருணந்தி சிவாசாரியராய் எழுந்தார்.

ஈண்டு உற்றுநோக்கத்தக்கது அச்சினமே. உயிர் அநாதி; அதனை ஈன்றார் படைத்திலர். வினைக்கீடாக உடலைக் கூட்டுவிப்பவன் சிவன். தாய்தந்தையர் அதற்குத் துணைக்காரணர். ஆகவும், 'என்னால் வந்தது' என்னும் நினைவு ஆகமங் கற்றாரையும் விடாது தொடர்ந்ததே!

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட மேலகரத்தில் இந்நினைவு வேறொரு வகையாற் சோதிக்கப்பட்டது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. 1869 முதல் 1888 வரை திருவாவடுதுறை ஆதீனத்தில் எழுந்தருளியிருந்து தமிழை வளர்த்த சுப்பிரமணிய தேசிகர் தோன்றியதும் அவ்வூரிலேயே. மடத்திற்கு மகனை உதவிய குடியில் அவன்மேல் உரிமை கூறுவார் இலர். துறவு பூண்டபின் தந்தையும் பிற அடியாரோடு ஒருங்கு நின்று வீழ்ந்து வணங்கித் திருநீறு பெறுவன். பெற்ற வயிற்றுக்கு அது எளிதன்று. எளிதென உரைக்கும் நூல்கள் தாயைக் கேட்டு எழுதப்பட்டன அல்ல.

பராக்கிரம பாண்டியன் தொடங்கிய கோபுரம் முற்றுப்பெறுமுன் 1463இல் அவன் சிவபதம் எய்தினான். பின்வந்த குலசேகர பாண்டியன் அதனை முடித்தான். அவ்வேந்தன் அஞ்சிய குற்றமும் பிற்காலத்து வந்தே விட்டது: கோபுரம் சிதைந்து, பிளவுண்ட மொட்டைக் கோபுரமாய் நெடுங்காலம் நின்றது. 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. சுண்ணமும் செங்கல்லும் சுமந்து சாரத்தில் ஏறிய அந்நாளைத் தொழிலாளர், ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே ஒரு பாண்டியனால் வணங்கப்பெற்றவர்.