கோட்டிலிருந்து வெளிக்கு

தமிழில் ‘வெளி’ என்னும் சொல் பொருட்செறிவு மிக்கது. ஊர்ப்புறத்தே விரிந்து கிடக்கும் திறந்த நிலமும் வெளி. தலைக்கு மேல் அகன்ற வானமும் வெளி. இவ்விரண்டையும் ஒரு திரைச்சீலைக்குள் அடக்க முயன்ற தமிழர் ஓவியர் கே. எம். ஆதிமூலம். அவர் கலைஞராக உருவெடுத்த காலம் ஆசிரியர்களாகிய நாம் அறிந்துகொள்ளத்தக்கது.

1938இல் திருச்சி மாவட்டத்துக் கீராம்பூர் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 1960களின் தொடக்கத்தில் சென்னைக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய நிறுவனம் அது. ஆதிமூலம் பயின்ற நாளில் கே. சி. எஸ். பணிக்கர் அதன் தலைவராக இருந்தார். மேலைநாட்டு ஓவியத்தைப் படியெடுப்பதா, நம் மண்ணுக்குரிய புதுமொழி ஒன்றைக் காண்பதா என்னும் வினா வகுப்பறைகளில் உலவிய காலம் அது. சிற்பி தனபாலின் வழிகாட்டுதலும் இளைஞருக்கு வாய்த்தது.

கோடுதான் அவரது முதல் வலிமை. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஐ ஒட்டி, அண்ணலைக் கறுப்பு மையில் நூறு சித்திரங்களாகத் தீட்டினார். பின்னர் மன்னர்களை வரைந்தார். பகட்டும் சிதைவும் ஒருங்கே தெரியும் உருவங்கள் அவை. இவற்றால் பெயர் நிலைத்தது. வேறொருவராயின் அங்கேயே நின்றிருப்பார். கைவந்த ஒன்றை விட்டு விலகுவது எளிதன்று.

எழுபதுகளில் அவர் வண்ணத்தை நோக்கித் திரும்பினார். ‘வெளிக்குள் வெளி’ எனப் பொருள்படும் தலைப்பில் அமைந்த ஓவியங்களில் மனிதர் இல்லை. மரமோ குடிசையோ இல்லை. அடுக்கடுக்காகப் பூசிய வண்ணப் பரப்புகளே உள்ளன. ஒரு நிறம் மற்றொன்றின் அடியிலிருந்து கசிகிறது. இவற்றை நிலக்காட்சி என்பது எங்ஙனம் என்று கேட்போர் உண்டு. நானும் முதலில் அவ்வாறே மயங்கினேன். உழுத மண்ணின் மேல் படியும் காலைப் பனியை ஒருமுறை உற்று நோக்கியவர்க்கு அம்மயக்கம் நீங்கும். அங்கும் எல்லைக்கோடு கிடையாது அன்றோ!

கோட்டை அவர் கைவிட்டுவிடவுமில்லை. எண்பதுகளில் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த சித்திரங்களில் கரிசல் மக்களின் முகங்களைக் காண்கிறோம். தமிழ் நூல்களின் அட்டைகளில் அவர் தீட்டிய எழுத்துகள் 2008இல் அவர் மறைந்த பின்னும் நம் நூலக அலமாரிகளில் உள்ளன.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த இயற்கைக் காட்சி இரண்டு மலை, இடையே ஞாயிறு, ஒரு தென்னை, ஓர் ஆறு. அதையே பல்லாண்டுகள் நானும் கரும்பலகையில் வரைந்தேன். எங்கள் தோட்டத்தில் மலையும் இல்லை, ஆறும் இல்லை என்பதைப் பிள்ளைகள் சுட்டிக் காட்டியதும் இல்லை.

சென்ற ஆண்டு ஆதிமூலத்தின் வண்ண ஓவியம் ஒன்றின் அச்சுப்படியை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் காட்டினேன். “இதில் மரம் எங்கே ஐயா?” என்றான் ஒருவன். பின்வரிசைச் சிறுமி எழுந்தாள். “மழை வருவதற்கு முன்னால் நம் செம்பனைக் காடு இப்படித்தான் இருக்கும் ஐயா” என்றாள்.