தோடாக் தாக்கிய கதை

ஜொகூர் அரசவையில் எழுதப்பட்ட ‘சுலாலாத்துஸ் சலாத்தின்’ என்னும் மலாய் வரலாற்று நூலில் இடம்பெறும் கதை இது. ‘செஜாரா மெலாயு’ என்ற பெயரிலேயே அந்நூலைப் பலரும் அறிவர். ஊரைக் காப்பாற்ற வழி சொன்ன ஒரு சிறுவனை, அவன் அறிவாளி என்ற ஒரே காரணத்துக்காக அரசன் கொன்றதை இக்கதை சொல்கிறது.

பாதுக்கா ஸ்ரீ மகாராஜா சிங்கப்பூரை ஆண்ட காலம். கடலிலிருந்து தோடாக் மீன்கள் கூட்டமாகக் கரைக்குப் பாய்ந்தன. தமிழகக் கடற்கரையில் முரல் என்பார்களே, அதைப் போன்ற ஊசிமூக்கு மீன்கள். குத்துப்பட்டுப் பலர் இறந்தார்கள். யானைமேல் வந்த அரசனின் அங்கியையும் ஒரு மீன் துளைத்தது. அரசன் சொன்ன வழி, ஆட்களைக் கரையில் வரிசையாக நிறுத்தி அவர்களின் கால்களையே வேலியாக்குவது. சாவு பெருகியது. அப்போது ஒரு சிறுவன், மனிதக் கால்களுக்குப் பதில் வாழைத்தண்டுகளை நட்டால் போதுமே என்றான். நட்டார்கள். பாய்ந்த மீன்களின் மூக்குகள் தண்டில் செருகி நின்றன. மக்கள் வெட்டிச் சாய்த்தார்கள். அரண்மனை திரும்பிய அரசனிடம் பெரியவர்கள், இந்த வயதிலேயே இத்தனை புத்தி, வளர்ந்தால் என்ன ஆவானோ, இப்போதே முடித்துவிடுவது நல்லது என்றார்கள். அரசன் இசைந்தான். அந்தப் பழி சிங்கப்பூர்மீது விழுந்தது என்று நூல் எழுதிவைத்திருக்கிறது. சிறுவனின் இரத்தம் வழிந்த குன்றுதான் புக்கிட் மேரா, அதாவது செங்குன்று, என்பது வாய்வழி வழக்கு.

இக்கதையை எழுத்தில் வைத்தவர்கள் யார் என்பது முக்கியம். நூல் சிங்கப்பூர் அரசர்களின் வழியாகக் கூறும் மலாக்கா அரச மரபு, 1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தபின் ஜொகூர் ஆற்றங்கரையில் தொடர்ந்தது. 1612 மே மாதம், இன்றைய கோத்தா திங்கி மாவட்டத்துக்கு உட்பட்ட பாசிர் ராஜாவில், ஜொகூர் இளவரசர் ராஜா அப்துல்லா, பெண்டஹாரா என்னும் தலைமை அமைச்சர் துன் ஸ்ரீ லானாங்கிடம் இந்நூலைத் தொகுக்கும் பணியை ஒப்படைத்தார். கோவாவிலிருந்து வந்ததாக நூலே கூறும் ஒரு பழைய சுவடி அதற்கு அடிப்படை. மறு ஆண்டே சுமத்திராவின் அச்சே படை ஜொகூரைத் தாக்கியது. லானாங் அச்சேவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

அரச ஆணையால் எழுந்த நூல், அரசனின் குற்றத்தை மறைக்கவில்லை. அதன் தொடக்கத்தில் ஓர் உடன்படிக்கை வருகிறது: குடிகள் அரசனுக்குத் துரோகம் செய்யக்கூடாது, அரசன் குடிகளை இழிவுபடுத்தக்கூடாது, படுத்தினால் நாடு அழியும். சிறுவன் கொலை அந்த வாக்கு முறிந்த இடங்களில் ஒன்று. பின்னால் வரும் ஓர் அரசன் தன் அமைச்சரின் மகளை ஊரறிய இழிவுபடுத்திக் கொல்ல, அந்த அமைச்சரே ஜாவாவின் மஜாபாகித் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறார். அமைச்சராக இருந்துகொண்டே இதை எழுத லானாங்குக்குத் துணிவு இருந்தது. மலாய் இலக்கியத்தின் மிகப் பெரிய தீரச்செயல்களில் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

அந்த எச்சரிக்கை ஜொகூரிலேயே பலித்தது. 1699இல் சுல்தான் மஹ்மூத் கோத்தா திங்கியில் கொல்லப்பட்டார். அரசத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றாள் என்று ஒரு கர்ப்பிணியின் வயிற்றைக் கிழிக்க ஆணையிட்டார், அவள் கணவன் மெகாட் ஸ்ரீ ராமா பழிதீர்த்தான் என்பது மரபுக் கதை. ஜொகூரில் மலாக்காவின் நேரடி அரசமரபு அவரோடு முடிந்தது.

நூல் உலகறிந்ததில் தமிழ் வழியினருக்கும் பங்குண்டு. 1821இல் வெளிவந்த ஜான் லேடனின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற இப்ராஹிம், பினாங்கின் சூலியா என்னும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தவர். மலாயில் அச்சேற்றியவர் முன்ஷி அப்துல்லா. நாகூரில் மணமுடித்த ஏமன் நாட்டு முன்னோரின் வழிவந்தவர். கிளந்தான் பயணம் பற்றி 1838இல் எழுதியபோது அவரும் இதே நோயைத்தான் கண்டார்: நல்ல வீடோ நிலமோ வைத்திருந்தால் அரச குடும்பத்தார் பறித்துக்கொள்வார்கள் என்று மக்கள் உழைக்கவே முனையவில்லை.

1960களின் தொடக்கத்தில் ஒமார் ரோஜிக் தோடாக் கதையைத் திரைப்படமாக்கினார். கோத்தா திங்கி மாவட்டத்துக் கோலா செடிலியில் பிறந்த கவிஞர் உஸ்மான் அவாங், 1961இல் மலாய் மரபுக் கதையில் அரசனை எதிர்த்த வீரன் ஜெபாட்டை நாயகனாக்கி நாடகம் எழுதினார். 2001இல் யுனெஸ்கோ ‘செஜாரா மெலாயு’வை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நூலில் அந்தச் சிறுவனுக்குப் பெயர் இல்லை. ஹங் நாடிம் என்று அழைப்பது பின்னாளைய வழக்கு. இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் வாழைத்தண்டோடு நிறுத்திவிடாமல், அவன் கொல்லப்பட்டதையும் சொல்ல வேண்டும்.