ஷாம் தேசத்துச் சாம்பலும் ஸ்ரீபெரும்புதூர்க் கண்ணாடியும்



ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில் கார்களும் லாரிகளும் டயர்களும் கைபேசிகளும் உருவாகின்றன. நம் சமுதாயத்து இளைஞர்கள் பலரும் அங்கே ஷிப்ட் முறையில் உழைத்து ஹலாலான வருவாய் ஈட்டுகின்றனர். அங்கு உருவாகும் பொருள்களுள் திருக்குர்ஆன் மூன்று அத்தியாயங்களில் குறிப்பிடும் ஒரு பொருளும் உண்டு. அது கண்ணாடி. அந்-நூர் அத்தியாயம் விளக்கைச் சூழ்ந்த கண்ணாடியைப் பேசுகிறது. அந்-நம்ல் அத்தியாயம் சுலைமான் (அலை) அவர்களின் மாளிகைத் தளத்தைப் பேசுகிறது. அத்-தஹ்ர் அத்தியாயம் சுவனத்துக் கிண்ணங்களைப் பேசுகிறது.

பிரெஞ்சு நாட்டின் செயின்ட் கோபைன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் கலை இங்கு வந்து சேர்ந்த வழியைத் தேடிச் சென்றால், நம் முன்னோர்களின் பட்டறைகள் வழியாகவே செல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அது எவ்வாறு உருவாகிறது என்று காண்போம். சன்னல் கண்ணாடியின் எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா, அதாவது தூய மணல். மணல் தனியாக உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. சோடா ஆஷ் எனப்படும் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். ஆயினும் மணலும் சோடாவும் மட்டும் சேர்ந்த கண்ணாடி நீரில் கரையும் தன்மையுடையது. அதை உறுதிப்படுத்தச் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் சேர்க்கின்றனர். உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் கலந்தால் எரிபொருள் மிச்சமாகும். இக்கலவை இரவு பகலாக அணையாத உலையில், சுமார் 1,500 டிகிரி வெப்பத்தில் குழம்பாகிறது.

அடுத்து நிகழ்வது வியப்புக்குரியது. கண்ணாடிக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் ஓடவிடுகின்றனர். வெள்ளீயம் கனமானது. ஆகவே எண்ணெய் நீரில் மிதப்பதுபோல் கண்ணாடி அதன்மேல் மிதந்து பரவுகிறது. வெள்ளீயம் 232 டிகிரி வரை ஆறினாலும் திரவமாகவே இருக்கும். கண்ணாடியோ சுமார் 600 டிகிரியிலேயே இறுகிவிடும். எனவே திரவத்தின் சமதளத்தைத் தன் அடிப்புறத்தில் பெற்றுக்கொண்டு, திடப்பொருளாக அதை வெளியே எடுக்க முடிகிறது. பிறகு நீண்ட கூடத்தில் மெல்ல மெல்ல ஆறவைத்து வெட்டுகின்றனர். விரைந்து குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் தங்கி, வெட்டும்போது நொறுங்கிவிடும். இங்கிலாந்தின் அலஸ்டர் பில்கிங்டன் 1952இல் இம்முறையைச் சிந்தித்து, ஏழாண்டு முயற்சிக்குப் பின் 1959இல் உலகிற்கு அறிவித்தார். மிதக்கும் கண்ணாடியைப் பற்றிப் படிக்கும்போது, ஸபா நாட்டு அரசி பளிங்குத் தளத்தை நீர் என்று எண்ணித் தம் ஆடையை உயர்த்திய வரலாறு நம் நினைவுக்கு வருகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். தமிழ் மண்ணுக்குக் கண்ணாடி புதிதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. கண்ணாடிப் பாத்திரக் கலையோ ஷாம், மிஸ்ர் நாடுகளில் முஸ்லிம் கைவினைஞர்களிடம் உச்சத்தை எட்டியது. அவர்கள் சோடாவை உவர்நிலத் தாவரங்களை எரித்த சாம்பலிலிருந்து பெற்றனர். அச்சாம்பலுக்கு அரபியில் ‘அல்-கலீ’ என்று பெயர். இன்று பள்ளிப் பிள்ளைகள் வேதியியலில் படிக்கும் ‘அல்கலி’ என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது. மம்லூக் சுல்தான்களின் காலத்தில் பொன்னும் வண்ணமும் தீட்டிய பள்ளிவாசல் விளக்குகள் உருவாயின. அவற்றுள் பலவற்றின் கழுத்தில் அந்-நூர் அத்தியாயத்தின் ஒளி வசனம் எழுதப்பட்டது. கெய்ரோவின் சுல்தான் ஹஸன் மத்ரஸாவில் 14ஆம் நூற்றாண்டில் ஒளிர்ந்த அத்தகைய விளக்குகள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

அதே காலத்தில் வெனிஸ் நகரத்தார் கற்றுக்கொண்டிருந்தனர். ஷாம் கடற்கரையிலிருந்து தாவரச் சாம்பலையும் உடைந்த கண்ணாடியையும் கப்பலில் ஏற்றிச் சென்றனர். 1291இல் தம் உலைகளை முரானோ தீவுக்கு மாற்றி, தொழிலின் இரகசியத்தைக் காத்தனர். 1401இல் தைமூர் திமிஷ்க் நகரைக் கைப்பற்றி, அங்கிருந்த கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டு சென்றார். ஷாமின் உலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1569இல் உஸ்மானியப் பேரரசின் தலைமை அமைச்சர் சொகுல்லு முஹம்மது பாஷா, 900 பள்ளிவாசல் விளக்குகளை வெனிஸ் நகரத்திடம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அல்லாஹ்வின் இல்லத்துக்கு விளக்குச் செய்யும் கலையை உலகுக்கு அளித்த உம்மத், அதே விளக்கைப் பிறரிடம் விலைக்கு வாங்கிற்று. ஷாமில் மணல் தீர்ந்துவிடவில்லை. சாம்பல் தரும் செடிகளும் அழிந்துவிடவில்லை. கைமாறிச் சென்றது அறிவு.

வெனிஸிடமும் அது நிலைக்கவில்லை. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருடைய அமைச்சர் கோல்பேர், வெனிஸ் தொழிலாளர்களை இரகசியமாகப் பாரிசுக்கு வரவழைத்து 1665இல் அரசுக் கண்ணாடித் தொழிலகத்தை நிறுவினார். 1684இல் நிறைவுற்ற வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகள் அத்தொழிலகம் தந்தவை. அதுவே பின்னர் செயின்ட் கோபைன் ஆயிற்று. 335 ஆண்டுகளுக்குப் பின் நம் ஊர்ப் பக்கம் வந்து உலை மூட்டியது.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில், மருத்துவம், கணிதம், உழவு, நெசவு போன்ற சமூகத்துக்குத் தேவையான துறைகளை ஃபர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்தினார்கள். சிலரேனும் அவற்றைக் கற்றுத் தேறாவிடில் பொறுப்பு அனைவர் மீதும் விழும். அத்தகைய கடமையைத் தவறவிட்டதன் விலையை 1569ஆம் ஆண்டு நமக்குக் காட்டுகிறது.

ஆகவே அந்-நூர் அத்தியாயத்தை நடத்தும் உஸ்தாதுமார்கள், ‘ஸுஜாஜா’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு, அது எதனால் ஆனது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லித் தரலாம். ஆலைகளில் பணிபுரியும் நம் இளைஞர்கள், தம் கையில் வந்து சேரும் பொருள் பிறந்த விதத்தைக் கேட்டறியலாம். கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பீங்கான், கண்ணாடி வகைப் பொருள்களைக் கற்பிக்கும் செராமிக் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு இருப்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கலாம். ஆலையின் வாயிலில் வேலை கேட்டு நிற்பதில் இழிவு ஏதுமில்லை. அதன் உலைக்குள் நிகழ்வதை அறிந்தோரும் நம்மில் இருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பயனுள்ள அறிவை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.