பனிமலையில் நூறு நாட்கள்



அடுத்த மாதம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் முதுகுப்பையோடு மூன்று கிழமை நடக்கப் போவதாக என் மகன் சொன்னான். மே மாதத்திலும் அங்கே உயரமான கணவாய்கள் பனிக்குள்தான் கிடக்கும். மனைவி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். நான் கணக்காளன். சண்டை பிடிக்காமல் பழைய பதிவுகளைத் தேடினேன். அப்படிக் கிடைத்தவர்தான் ஓர்லண்ட் பார்த்தலோமியூ.

ஆற்று நீரோட்டத்தை அளக்கும் வேலை பார்த்தவர் இவர். 1928 டிசம்பர் 25ம் திகதி, பனிச்சறுக்குப் பலகைகளோடு தன்னந்தனியாக மலைத்தொடரின் தென்பகுதியிலிருந்து புறப்பட்டார். 1929 ஜனவரி 10ல், 4,421 மீற்றர் உயரமான விற்னி சிகரத்தில் ஏறினார். குளிர்காலத்தில் அதில் ஏறிய முதல் மனிதர் அவரே. வசந்தம் தொடங்கிய பின், ஏப்ரல் 3ல், யொசெமிட்டி பள்ளத்தாக்கில் இறங்கினார். ஏறக்குறைய 300 மைல், நூறு நாட்கள். அவர் பெரும்பாலும் பின்பற்றிய ஜோன் மியூர் பாதையே 1938ல்தான் முழுமையடைந்தது.

இதைத் துணிச்சல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். என் கண்ணில் பட்டது வேறொன்று. நூறு நாள் உணவை ஒருவர் முதுகில் சுமக்க முடியாது. ஆகவே முந்திய இலையுதிர் காலத்திலேயே அவர் வழிநெடுக உணவைப் பதுக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். பயணத்தின் பாதி, பனி விழ முன்பே முடிந்துவிட்டது.

வசந்தகாலப் பனிக்கும் ஒரு கணக்கு உண்டு. இரவில் இறுகிய பனி விடியற்காலையில் தரை போலத் தாங்கும். மதியத்துக்குப் பிறகு இளகும், தொடை வரை கால் புதையும். பகலில் உருகிய நீர் சேர்வதால் ஓடைகள் மாலையில் பெருகும், காலையில் வற்றியிருக்கும். வருடத்துக்கு வருடமும் வித்தியாசம். ஏப்ரல் தொடக்கத்து அளவீட்டின்படி, 2015ல் கலிபோர்னியாவில் சராசரியின் 5 வீதப் பனிதான் இருந்தது. 2023ல் இருமடங்குக்கும் மேல்.

மகனைப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று கேள்விகள் கேட்டேன். இந்த வருடப் பனி எவ்வளவு? எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்குவாய்? எந்த இடத்தில் திரும்பி வருவாய்?

முதல் இரண்டுக்கும் உடனே பதில் வந்தது. மூன்றாவதற்கு அவன் பேசாமல் இருந்தான். இரண்டு நாள் கழித்து ஒரு வரைபடத்தை மேசையில் வைத்தான். இரண்டு கணவாய்களுக்கு முன்னால் சிவப்பு வட்டம், பக்கத்தில் திகதி. மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.