தேயிலைத் தோட்டத்தில் எண்ணப்பட்ட பற்கள்

காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் காலை வைத்து அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரிடம், "பல் வைத்தியரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வலித்தபோது" என்பார். பட்டுக்கடையில் கணக்கெழுதுபவரும் அதையே சொல்வார். கோயில் வீதியில் பூக்கட்டுபவரும், பள்ளிவாசல் ஹவுளருகே உளூச் செய்யும் நம் பெரியவரும் அதையே சொல்வர். வலிக்காத பல்லை வைத்தியரிடம் காட்டுவது செல்வர் வீட்டு ஆடம்பரம் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க உதவிய ஆராய்ச்சிகளுள் தலையாய ஒன்று, தமிழர் வாழும் மலைத்தோட்டங்களில் நடந்தது என்பதை நம்மில் பலர் அறியார்.

ஹரால்ட் லோ என்பவர் நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர். அவரும் அவர்தம் தோழர்களும் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஒரு சோதனை செய்து 1965இல் வெளியிட்டனர். நல்ல ஈறுகளையுடைய 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது மறைந்தது. பல்லில் படியும் அழுக்கே ஈறு நோயின் மூலம் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

ஆனால் அந்த அழற்சியை ஆயுள் முழுவதும் கவனியாது விட்டால் என்னவாகும்? மாணவர்களை இருபதாண்டுகள் பல் துலக்காமல் இருக்கச் சொல்ல இயலாதல்லவா! ஆகவே 1969இல் ஆஸ்லோ நகரின் கற்றோர் 565 பேரை ஒரு புறம் வைத்துக்கொண்டனர். அவர்கள் சிறுவயது முதல் ஒழுங்காகப் பல் மருத்துவம் பெற்றவர்கள். மறுபுறம் வைக்க, 1970இல் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருள் 14 வயது முதல் 31 வயது வரையிலான 480 ஆண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பல் மருத்துவமோ, பல் துலக்கும் வழக்கமோ அவர்களிடையே இல்லை எனலாம். 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் அறிஞர்கள் மீண்டும் மீண்டும் வந்து, பல்லைத் தாடையுடன் பிணைக்கும் பற்று எத்தனை மில்லிமீட்டர் விட்டுப்போயிற்று என்று அளந்து குறித்துச் சென்றனர்.

1986இல் வெளிவந்த முடிவு வியப்புக்குரியது. ஒரே உழைப்பு, ஒரே லயத்து வாழ்வு, ஒரே புறக்கணிப்பு. ஆயினும் நோய் எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்கவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு அது விரைந்து பரவிற்று. 81 பேருக்கு மெல்ல மெல்ல முற்றிற்று. 11 பேருக்கோ அழற்சிக்கு அப்பால் நோய் நகரவே இல்லை. பற்சொத்தையோ அவர்களிடம் இல்லையென்றே சொல்லத்தக்க அளவில்தான் இருந்தது.

480 பேரில் 1985ஆம் ஆண்டுச் சோதனைக்கு எஞ்சியவர் 161 பேர். மற்றவர்கள் எங்கே? இடைப்பட்ட ஆண்டுகளின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் இத்தோட்டத் தமிழர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. கப்பலேறித் தலைமன்னார் வழி இராமேசுவரம் வந்திறங்கியோருள் இந்த 480 பேரில் சிலரும் இருந்திருப்பர் என்பது என் ஊகம். ஈறுகளை மில்லிமீட்டர் கணக்கில் அளந்த அறிவியல் ஒருபுறம். ஆட்களைத் தலைக்கணக்கில் பங்கிட்ட அரசியல் மறுபுறம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. துலக்கினால் ஈறு தேறும் என்பதை 1965லேயே கண்டறிந்தவர்கள், இத்தொழிலாளருக்கு அதைச் செய்து கொடுத்திருக்கலாகாதா? நோயின் இயற்கைப் போக்கை அறிவதே ஆய்வின் நோக்கம். அதில் சிகிச்சைக்கு இடமில்லை. ஈறு அழற்சி பல்லிழப்பில் முடியுமா என்பது அன்று உறுதிப்படவில்லை, இருந்த வைத்தியத்தை யாரும் பறிக்கவுமில்லை என்று அவர்கள் சார்பில் வாதிடலாம். 1972இல் அம்பலமான அமெரிக்க டஸ்கீகி ஆய்வில், மேகநோயுற்ற கறுப்பின மக்களிடம் உண்மையை மறைத்து, பென்சிலினையும் கொடாது விட்டனர். அக்கொடுமையோடு இதை ஒப்பிடல் நீதியன்று. எனினும், ஆண்டுகள் செல்லச் செல்ல நோய் முற்றுவதைக் கண்ணாரக் கண்டபின்னும் ஏட்டில் குறித்ததோடு திரும்பியது என் மனத்துக்கு ஒப்பவில்லை.

அந்த ஏட்டால் உலகம் பெற்ற பயன் பெரிது. ஆறு மாதத்துக்கொருமுறை பல் வைத்தியரைக் காண வேண்டும் என்ற பழைய விதிக்கு ஆதாரம் என்ன என்று 1977இலேயே இங்கிலாந்தில் ஆப்ரி ஷீயம் வினவினார். 2020இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்று 51 மருத்துவ நிலையங்களில் 2,372 பேரை நான்காண்டுகள் கவனித்தது. ஆறு மாதத்துக்கொருமுறை வந்தவருக்கும், தத்தம் நோய் அபாயத்துக்கேற்ற இடைவெளியில் வந்தவருக்கும் ஈற்றில் இரத்தம் கசிவதில் வேறுபாடு காணப்படவில்லை. மலைநாட்டின் 8, 81, 11 என்ற கணக்கை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது. ஆளுக்கு ஆள் தவணை மாறும். ஆனால் தாம் எந்தக் கூட்டத்தினர் என்பதை, ஒருவர் வாயைப் பார்த்துச் சொன்னாலன்றி அறிய முடியாது. ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதுமில்லை. வலிக்காகக் காத்திருக்கும் நம் காஞ்சிப் பெரியவர் காத்திருந்தே பல்லை இழப்பார்.

"நமக்கு மிஸ்வாக் இருக்கிறதே" எனலாம். சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லையேல் ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்கியிருப்பார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அன்றாட அழுக்கை அகற்ற அது வல்லது. அழுக்கு இறுகிக் காரையாகிவிட்டாலோ எந்தக் குச்சியாலும் பெயர்க்க இயலாது. அதற்கு மருத்துவரின் கருவி வேண்டும்.

இந்தக் காரையைப் பற்றித்தான் மலைநாட்டு ஏட்டின் கடைசிப் பக்கமும் பேசுகிறது. 2010இல் அறிஞர்கள் மீண்டும் தோட்டங்களுக்குச் சென்று, பழைய 480 பேரில் 75 பேரைக் கண்டு சோதித்தனர். 2017இல் முடிவை வெளியிட்டனர். காரையும் அழற்சியும் நோய் முற்றுவதோடு தொடர்புடையன என்பது அதில் தெளிவாயிற்று. 1970இல் 14 வயதுச் சிறுவனாக முதன்முறை வாய் திறந்து காட்டியவருக்கு அப்போது வயது 54.